கரைந்தால் காக்கும், பொடிந்தால் கொல்லும்: திருவக்கரைக் கல்மரமும் தங்கவயல் வெள்ளைக்கல்லும்

திருவக்கரையில் சாய்ந்து கிடக்கும் கல்மரம் ஒன்றின் வெட்டுமுகத்தில், சுண்டுவிரல் பருமன்கூட இல்லாத வெள்ளைக் கோடு ஓடுகிறது. மரத்தில் எப்போதோ விழுந்த வெடிப்பு அது. பிறகு அதில் படிகம் படிந்து அடைத்துக்கொண்டது. முதன்முறை அங்கே போனபோது உடன் வந்தவர்கள் மரத்தின் நீளத்தைப் பார்த்து வாயடைத்து நின்றார்கள். நான் அந்தக் கோட்டைப் பார்த்தபடி நின்றேன். கோலார் தங்கவயலின் சுரங்கத் தொழிலாளர் லைன் வீட்டில் வளர்ந்தவனுக்கு அந்த வெள்ளை புதிதல்ல. எங்கள் வீட்டு மாடத்தில், விளக்குக்குப் பக்கத்தில், கழிவு மேட்டிலிருந்து வந்த வெள்ளைக்கல் ஒன்று இருந்தது. தங்கம் இருக்கிறதா என்று திருப்பித் திருப்பிப் பார்த்து, இல்லை என்று தெரிந்த பிறகும் யாருக்கும் தூக்கிப்போட மனம் வராத கல்.

மாடத்தில் இருந்ததும் மரத்தில் ஓடுவதும் ஒரே பொருள்: குவார்ட்ஸ் என்னும் படிகக்கல். வேதியியல் அதைச் சிலிக்கா என்கிறது. சிலிக்கான் அணு ஒன்றுக்கு ஆக்சிஜன் அணு இரண்டு என்பது அதன் கணக்கு. விழுப்புரம் மாவட்டத்துக் கல்மரங்களைப் பற்றி இந்தத் தங்கவயல் மலரில் எழுத என்ன முகாந்திரம் என்று கேட்பவர்களுக்கு அந்த வெள்ளைக் கோடுதான் என் பதில். மரத்தைக் கல்லாக்கியதும், கோலார்ப் பாறையில் பொன்னைக் கொண்டுவந்து வைத்ததும், பொன்னைத் தோண்டியவர்களின் நெஞ்சை அடைத்ததும் சிலிக்காதான். இந்த மூன்று வேலைகளையும் சேர்த்துப் பார்க்கத் தங்கவயல்காரனுக்கு உரிமை உண்டு.

தங்கவயலில் ஏன் கல்மரம் இல்லை

முதலில் காலக்கணக்கு. கோலார்ப் பாறைப் பட்டை வடக்குத் தெற்காக ஏறத்தாழ 80 கிலோமீட்டர் நீளம். அகலமோ சில கிலோமீட்டர்தான். கடலடியில் வழிந்து உறைந்த எரிமலைக் குழம்பு, பின்னால் வெப்பத்திலும் அழுத்தத்திலும் வெந்து கருத்த ஆம்பிபோலைட் பாறையானது. அதன் வயது சுமார் 270 கோடி ஆண்டு. தங்கவயலை ஒட்டிய பெத்தப்பள்ளியில் எரிமலை வெடித்துத் தூக்கியெறிந்த துண்டுகள் சாம்பலோடு இறுகிப் பாறையாகி நிற்கின்றன. இந்திய நிலவியல் ஆய்வுத் துறை அதைத் தேசிய நிலவியல் நினைவுச் சின்னமாக அறிவித்திருக்கிறது. திருவக்கரைக் கல்மரங்களும் அதே பட்டியலில் உள்ளவை. ஆகவே இரண்டு ஊர்களும் ஏற்கெனவே ஒரு வகையில் உறவுமுறைதான்.

ஆனால் பெத்தப்பள்ளிப் பாறை உருவான நாளில் உலகில் மரம் கிடையாது. புல்லும் பாசியும்கூடக் கிடையாது. கண்ணுக்குத் தெரியாத நுண்ணுயிர்களே அப்போதைய குடிமக்கள். அவற்றின் கூட்டங்கள் ஆழமற்ற கடலோரத்தில் அடுக்கடுக்காகக் கட்டிய ஸ்ட்ரோமடோலைட் என்னும் படிவங்களைச் சித்ரதுர்கா பக்கத்துப் பழம்பாறைகளில் பார்க்கலாம். தாவரங்கள் தரையேறியது ஏறக்குறைய 47 கோடி ஆண்டுகளுக்கு முன். மரம் என்று சொல்லத்தக்க உயரத்துக்கு அவை வளர இன்னும் எட்டு ஒன்பது கோடி ஆண்டுகள் பிடித்தன. கோலார்ப் பாறை பிறந்து 230 கோடி ஆண்டு கழித்துத்தான் உலகின் முதல் மரம் நிழல் தந்தது. எனவே நம் ஊரில் எத்தனை ஆயிரம் அடி தோண்டினாலும் கல்மரம் கிடைக்காது. கல்மரம் வேண்டுமென்றால் கிழக்கே, கடலோரச் சமவெளிக்குத்தான் இறங்க வேண்டும்.

திருவக்கரையில் கிடப்பவை

வானூர் வட்டத்தில் சங்கராபரணி ஆற்றங்கரையில் இருக்கிறது திருவக்கரை. சந்திரமௌலீசுவரர் கோயிலும் வக்கிரகாளியும் ஊருக்குப் பெயர் தந்தவர்கள். சம்பந்தர் பாடிய தலம். கோயிலிலிருந்து சற்றுத் தூரத்தில் செம்மண் மேடுகளில் கிடக்கின்றன மரங்கள். திருமால் வதைத்த அசுரனின் எலும்புகள் என்று பழைய ஊர்க்கதை ஒன்று உண்டு. அதைக் கேட்டுச் சிரிக்க வேண்டியதில்லை. உயிராக இருந்த ஒன்று இப்போது கல்லாகக் கிடக்கிறது என்ற முக்கியமான உண்மையைக் கதை சரியாகவே பிடித்திருக்கிறது. எந்த உயிர் என்பதில்தான் பிசகு.

1781-இல் பிரெஞ்சு இயற்கையியலாளர் சொன்னேரா இந்த இடத்தைப் பற்றி எழுதியதே ஐரோப்பியப் பதிவுகளில் முதலாவது. 1940-இல் நிலவியல் ஆய்வுத் துறை இதைத் தன் பொறுப்பில் எடுத்துக்கொண்டது. பூங்காவின் மொத்தப் பரப்பு 247 ஏக்கர். ஒன்பது துண்டுகளாகப் பிரிந்து கிடக்கிறது. பார்வையாளர்களுக்குத் திறந்திருப்பது அதில் சிறு பகுதியே. ஏறத்தாழ 200 மரங்கள் வெளித்தெரிகின்றன. ஆளுயரத்துக்குச் சற்றே கூடியவை முதல் 30 மீட்டர் நீளமுள்ளவை வரை உண்டு. கடலூர் மணற்கல் என்று நிலவியலாளர்கள் அழைக்கும் அடுக்கில் இவை புதைந்திருந்தன. வயது சுமார் 2 கோடி ஆண்டு.

எந்த மரமும் நின்ற கோலத்தில் இல்லை. எல்லாம் படுத்துக் கிடக்கின்றன. கிளை இல்லை, வேர் இல்லை, பட்டையும் இல்லை. இந்த மூன்று 'இல்லை'களும் ஒரு செய்தியைச் சொல்கின்றன. இந்த மண்ணில் வளர்ந்து, வளர்ந்த இடத்திலேயே விழுந்த மரங்கள் அல்ல இவை. மேற்கே எங்கோ மேட்டுநிலக் காட்டிலிருந்து பெருவெள்ளம் பெயர்த்துக்கொண்டு வந்திருக்கிறது. வழியெல்லாம் பாறையிலும் மணலிலும் மோதி, கிளை முறிந்து, வேர் அறுந்து, பட்டை உரிந்து, வெள்ளம் வேகம் குறைந்த இடத்தில் மணலுக்குள் புதைந்துபோயின. 'கல்மரக் காடு' என்று பெயர் வைத்திருக்கிறோமே தவிர, நிலவியல் கண்ணுக்கு இது காடல்ல. ஆறு கொண்டுவந்து இறக்கிய மரக்கிடங்கு.

வயதில் திருவக்கரைக்கு மூத்தது பெரம்பலூர் மாவட்டம் சாத்தனூரில் உள்ள கல்மரம். நிலவியலாளர் எம்.எஸ். கிருஷ்ணன் 1940-இல் அதை உலகுக்குச் சொன்னார். பின்னாளில் நிலவியல் ஆய்வுத் துறையின் முதல் இந்திய இயக்குநரானவர் அவர். 18 மீட்டர் நீளமுள்ள அந்த ஒற்றை மரம் சிப்பியும் சங்கும் புதைந்த கடற்படிவத்துக்குள் கிடக்கிறது. டைனோசர்கள் நடமாடிய கிரெட்டேசியக் காலத்தில் ஆற்றோடு போய்க் கடலில் மிதந்து, நீரூறி மூழ்கிய மரம். இன்று அங்கிருந்து கடலைப் பார்க்க வேண்டுமானால் பஸ் ஏறிப் பல மணி நேரம் போக வேண்டும்.

மரம் கல்லாவது எப்படி

விழுந்த மரத்தின் இயல்பான கதி மட்கிப்போவது. பூஞ்சையும் கரையானும் பாக்டீரியாவும் சில ஆண்டுகளில் கணக்கை முடித்துவிடும். கல்லாவதற்கு மூன்று நிபந்தனைகள் ஒருங்கே கூடிவர வேண்டும். ஒன்று, மரம் சீக்கிரமாகப் புதைய வேண்டும். இரண்டு, புதைந்த இடத்தில் காற்று புகாமல் இருக்க வேண்டும். மூன்று, சிலிக்கா கரைந்த நீர் அதற்குள் ஓயாமல் ஊற வேண்டும்.

சிலிக்கா நீரில் கரையுமா என்று தங்கவயல்காரர்கள் கேட்பார்கள். டிரில்லையே திணற வைத்த கல்லாயிற்றே! குவார்ட்ஸாக இறுகிய பின் அது எளிதில் கரையாதுதான். ஆனால் எரிமலைச் சாம்பலும் பாறையிலுள்ள பெல்ட்ஸ்பார் கனிமமும் சிதையும்போது சிலிக்கா கொஞ்சங் கொஞ்சமாக நிலத்தடி நீரில் இறங்குகிறது. கிணற்று நீர் ஒரு லிட்டரில் 20 மில்லிகிராம் அளவுக்குச் சிலிக்கா இருப்பது சாதாரணம். நாம் அன்றாடம் குடிக்கும் நீரிலும் அது இருக்கிறது. ருசி தெரியாது, தீங்கும் இல்லை.

அந்த நீர் மரத்துக்குள் போகிறது. மரம் உயிரோடிருந்தபோது நீரை மேலே ஏற்றிய அதே குழாய்கள் வழியாகத்தான் போகிறது. செல்லுலோஸும் லிக்னினும் கரைந்த சிலிக்காவைத் தம்மேல் ஒட்டவைத்துக்கொள்ளும் தன்மையுள்ளவை. செல் சுவரில் முதலில் ஒரு மெல்லிய பூச்சு விழுகிறது. பூச்சுமேல் பூச்சாகத் தடித்து, உட்குழி நிரம்புகிறது. தொடக்கத்தில் படிவது நீர் கலந்த ஓபல். காலப்போக்கில் அது நீரை இழந்து குவார்ட்ஸாக மாறுகிறது. மரப்பொருள் மெல்ல மெல்லச் சிதைந்தாலும் வடிவம் சிதைவதில்லை. வார்ப்பு இறுகிய பிறகுதானே அச்சு உடைகிறது! கூடவே இரும்பு வந்தால் சிவப்பும் பழுப்பும், மாங்கனீஸ் வந்தால் கருப்பும் ஏறும்.

எவ்வளவு நீர் வேண்டியிருந்திருக்கும் என்று ஒருநாள் கணக்குப் போட்டுப் பார்த்தேன். ஒரு கன மீட்டர் குவார்ட்ஸின் எடை 2.65 டன். லிட்டருக்கு 20 மில்லிகிராம் சிலிக்கா என்று வைத்துக்கொண்டு, அது ஒரு துளி மிச்சமில்லாமல் மரத்திலேயே படிந்தது என்றும் வைத்துக்கொண்டால், 13 கோடி லிட்டருக்கு மேல் நீர் அந்த ஒரு கன மீட்டருக்குள் ஊறிப் போயிருக்க வேண்டும். நம் ஊரில் தண்ணீர் வண்டிக்குக் காத்திருந்தவர்களுக்குப் புரியும்படி சொன்னால், 12,000 லிட்டர் டேங்கர் லாரியில் 11,000 நடை. உண்மையில் வந்த சிலிக்காவில் பெரும்பகுதி தங்காமல் போயிருக்கும் என்பதால் இது குறைந்தபட்சக் கணக்கு. கல்மரத்தைத் தொட்டால் கல் சுடுகிறது. ஆனால் அது முழுக்க முழுக்க நீர் செய்த வேலை.

இதற்கு எப்போதும் யுகக்கணக்கில் காலம் வேண்டும் என்பதும் இல்லை. ஜப்பானின் தத்தேயாமா எரிமலைப் பகுதியில் சிலிக்கா மிகுந்த வெந்நீர் ஊற்றில் ஆய்வாளர்கள் மரத்துண்டுகளைப் போட்டு வைத்தார்கள். ஏழே ஆண்டுகளில் அவற்றுக்குள் சிலிக்கா கணிசமாக ஏறியிருந்தது. வெப்பமும் செறிவும் கூடினால் வேலை விரைவாக நடக்கும் என்பதை இங்கே நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், கடைசியில் தேவைப்படும்.

கல்லைப் படித்தவர்கள்

கல்மரத்திலிருந்து ஒரு சில்லை அறுத்து, கண்ணாடித் தகட்டில் ஒட்டி, 0.03 மில்லிமீட்டர் தடிமனுக்குத் தேய்த்தால் கல்லுக்குள் ஒளி ஊடுருவும். நுண்ணோக்கியில் வைத்தால் செல் செல்லாக மரம் தெரியும். பெரிய துளைகளாக நீர்க்குழாய்கள் தெரிந்தால் பூக்கும் மரம். ஒரே அளவான நுண்குழாய்கள் வரிசை வரிசையாக மட்டும் இருந்தால் கூம்புத் தாவரம். இலையும் பூவும் காயும் இல்லாமல், வெறும் கட்டையை வைத்துக் குடும்பம் சொல்லும் கலை இது. ரம்பப் பட்டறையில் அனுபவப்பட்ட ஆசாரி வெட்டுமுகத்தைப் பார்த்தே தேக்கா வேங்கையா என்று சொல்வாரே, அதன் நீட்சிதான்.

உயிரணுக் கொள்கையை வகுத்தவர்களில் ஒருவரான ஜெர்மானியத் தாவரவியலாளர் ஷ்லைடன் 19-ஆம் நூற்றாண்டிலேயே இப்பகுதிக் கல்மரத் துண்டைப் பார்த்துப் 'பியூசே ஷ்மிடியானா' என்று பெயரிட்டார். 1931-இல் இந்தியத் தொல்தாவரவியலின் தந்தை பீர்பால் சாஹ்னி இந்தியக் கூம்புத் தாவரப் புதைபடிவங்களை மறு ஆய்வு செய்தபோது, திருவக்கரை மரத்தை 'மெசெம்ப்ரியாக்சைலான் ஷ்மிடியானம்' என்று மாற்றி வகைப்படுத்தினார். மெசெம்ப்ரியா என்றால் கிரேக்கத்தில் தெற்கு. சைலான் என்றால் கட்டை. தென்திசைக் கட்டை! போடோகார்ப் குடும்பத்தோடு ஒத்த மரம் அது. இன்று தென்னிந்தியாவில் இயற்கையாக வளரும் கூம்புத் தாவரம் ஒன்றே ஒன்றுதான். மேற்குத் தொடர்ச்சி மலையின் ஈரக்காடுகளில் அருகிப்போய் நிற்கிறது. அதுவும் இதே குடும்பம்.

1949 ஏப்ரல் 3 அன்று லக்னோவில் சாஹ்னி தொடங்கிய தொல்தாவரவியல் நிறுவனத்துக்கு நேரு அடிக்கல் நாட்டினார். சாதாரண அடிக்கல் அல்ல. பல நாட்டுப் புதைபடிவங்களைப் பதித்துச் சாஹ்னியே வடிவமைத்த கல். நாட்டி ஒரு வாரத்துக்குள், ஏப்ரல் 10 அன்று, அவர் மறைந்தார்.

1950-களில் சி.ஜி.கே. ராமானுஜம் தென்னாற்காட்டுக் கல்மரங்களை ஒவ்வொன்றாகத் தேய்த்துப் படித்தார். பிறகு வந்தவர்களும் தொடர்ந்தார்கள். மருதமரக் குடும்பம், ஆமணக்குக் குடும்பம், புளியும் வாகையும் சேர்ந்த அவரைக் குடும்பம் என்று நமக்குத் தெரிந்த முகங்கள் பட்டியலில் இருக்கின்றன. அவற்றோடு டிப்டெரோகார்ப் குடும்பத்து மரங்களும் இருக்கின்றன. அந்தக் குடும்பத்தின் பெருங்காடுகளை இன்று பார்க்க மலேசியாவுக்கும் போர்னியோவுக்கும் போக வேண்டும். ஆண்டு முழுக்க ஈரம் கேட்கும் மரங்கள் அவை. ஆகவே 2 கோடி ஆண்டுக்கு முன் இன்றைய தமிழகத்தின் மேட்டுநிலங்களில் அடர்ந்த மழைக்காடு நின்றது. முந்திரியும் பனையும் நிற்கும் இந்தச் செம்மண்ணில் அப்படியொரு மழைக்காலம் இருந்ததற்குச் சாட்சி சொல்ல இந்தக் கட்டைகளை விட்டால் ஆளில்லை. திருவக்கரையைச் சுற்றிக் கல் குவாரிகளும் கிரஷர்களும் பெருகிவிட்ட நாளில் அந்தச் சாட்சியின் மதிப்பு இன்னும் கூடுகிறது. சில்லு பெயர்த்து அலமாரிக்கு எடுத்துப் போகிறவர் ஒரு வாக்குமூலத்தின் பக்கத்தைக் கிழித்துப் போகிறார்.

அதே சிலிக்கா, நம் ஊரில்

கோலார்ப் பாறையிலும் வேலை செய்தது சிலிக்கா சுமந்த நீர்தான். ஆனால் அது கிணற்று நீர் அல்ல. பூமியின் ஆழத்தில் சில நூறு பாகை வெப்பத்தில், பெரும் அழுத்தத்தில் இருந்த நீர். அதில் சிலிக்காவும், கந்தகத்தோடு பிணைந்த பொன்னும் கரைந்திருந்தன. நிலம் அசைந்து பாறை பிளந்தபோது நீர் பிளவுக்குள் பாய்ந்தது; அழுத்தம் சட்டென்று குறைய, கரைந்ததெல்லாம் படிந்தது. சாம்பியன் லோடு என்று நாம் சொல்லும் வெள்ளைக்கல் நரம்பு அப்படி வந்தது. திருவக்கரையில் மரத்தின் குழாய்களை நிரப்பிய பொருள் இங்கே பாறையின் பிளவுகளை நிரப்பியது. அங்கே அது மரத்தின் வடிவத்தைக் காத்தது. இங்கே பொன்னைக் காத்தது.

1802-இல் லெப்டினன்ட் வாரன் இந்தப் பொன்னைப் பற்றி விசாரித்து எழுதினார். 1873-இல் லாவெல் மைசூர் அரசிடம் சுரங்க உரிமம் கேட்டு விண்ணப்பித்தார். 1880-இல் பொன் தோண்ட ஜான் டெய்லர் கம்பெனி வந்தது. 2001 பிப்ரவரி 28 அன்று சுரங்கம் மூடும்வரை எடுத்த பொன் சுமார் 800 டன். சாம்பியன் ரீஃப் சுரங்கம் 3,200 மீட்டர் ஆழம் இறங்கியது. இந்தக் கதை இம்மலரின் வாசகர்களுக்கு மனப்பாடம். எனவே சிலிக்காவின் மூன்றாவது வேலைக்கு வருகிறேன்.

பொன்னை எடுக்க வெள்ளைக்கல்லை உடைத்தாக வேண்டும். துளை போட்டு, வெடி வைத்து, அள்ளி, மேலே ஏற்றி, மாவாக அரைத்தாக வேண்டும். உடைந்த குவார்ட்ஸில் மில்லிமீட்டரில் 200-இல் ஒரு பங்குக்கும் குறைவான தூசி கண்ணுக்குத் தெரியாது. தெரியும் தூசி மூக்கிலும் தொண்டையிலும் நின்றுவிடும். தெரியாத தூசி நுரையீரலின் கடைசி அறைவரை போகும். உடலின் காவல் செல்கள் அதை விழுங்கப் பார்த்துத் தாமே சாகும். செத்த இடமெல்லாம் தழும்பு. தழும்பு கட்டிகளாகி, மூச்சுக்கு விரிய வேண்டிய நுரையீரல் இறுகிப்போகும். இதுவே சிலிக்கோசிஸ். இந்தியாவில் இந்த நோய் முதன்முதல் பதிவானது கோலார் தங்கவயலில்தான். 1940-களில் 7,000-க்கும் அதிகமான தொழிலாளர்களைச் சோதித்தபோது பத்துப் பேரில் நான்கு பேருக்கு மேல் அதன் அடையாளம் இருந்தது. ஈரத் துளையிடலும் காற்றோட்டமும் பின்னால் தூசியைக் குறைத்தன. ஆனால் லைன் வீடுகளில் பின்னிரவில் கேட்ட அந்த வறட்டு இருமலை எங்கள் தலைமுறை மறக்காது. பொன் பிரித்த பின் கழிவைக் கொட்டிய சயனைடு மேட்டிலிருந்து காற்று கிளம்பும் நாளில் இன்றும் கதவைச் சாத்துகிறோம். அந்த மேட்டிலும் பெரும்பங்கு அதே அரைத்த கல்தான்.

கல்மரத்தின் முன் நின்று நான் நினைத்துக்கொண்டது இதைத்தான். கரைந்து வந்த சிலிக்கா மரத்தின் ஒவ்வொரு செல்லையும் பொத்திப் பொத்திக் காத்திருக்கிறது. பொடிந்து வந்த சிலிக்கா மனிதனின் செல்களைக் கொன்றது. பொருளில் வேறுபாடு ஒன்றுமில்லை. ஒன்றை நீர் தன் போக்கில், தன் வேகத்தில் கொண்டுவந்தது. மற்றதை மனிதன் அவசரத்தில் உடைத்தான்.

முட்டு மரங்கள்

தங்கவயல் சுரங்கத்தின் ஆழத்தில் கூரைப்பாறை இறங்காமல் தாங்க மரச்சட்டங்களை முட்டுக்கொடுத்தார்கள். காடுகளில் வெட்டி, கிளை கழித்து, சதுரித்து, ரயிலேற்றி வந்த மரங்கள். 1890-களில் பௌரிங்பேட்டையிலிருந்து மாரிகுப்பம் வரை வந்த அதே ரயிலில்தான் வட ஆற்காட்டிலிருந்தும் சேலத்திலிருந்தும் சித்தூர்ப் பக்கமிருந்தும் நம் முன்னோர் வந்து இறங்கினார்கள். பாலாறு நந்தி மலையில் பிறந்து, நமக்குக் குடிநீர் தந்த பேத்தமங்கலம் வழியாகக் கிழக்கே அவர்களுடைய ஊர்ப் பக்கம் போகிறது. நீர் போன திசைக்கு எதிராக அவர்கள் மேற்கே வந்தார்கள்.

சுரங்கம் மூடியதும் பம்புகள் நின்றன. ஆழத்திலிருந்து நீர் ஏறியது. முட்டு மரங்கள் பலவும் இன்று அந்த நீருக்கடியில் இருக்கின்றன. காற்று இல்லை. சுற்றிலும் சிலிக்காப் பாறை. அடியாழத்துப் பாறையின் வெப்பம் 60 பாகைக்கு மேல் என்று இறங்கிப் பார்த்தவர்களுக்குத் தெரியும். மரம் கல்லாவதற்கு முன்னே சொன்ன மூன்று நிபந்தனைகளையும், தத்தேயாமா ஊற்றையும் நினைத்துப் பாருங்கள். நிச்சயம் என்று சொல்லமாட்டேன். ஆனால் தங்கவயலில் கல்மரம் கிடைக்காது என்று தொடக்கத்தில் எழுதியதை, 'இன்னும் கிடைக்காது' என்று திருத்திக்கொள்ளத் தோன்றுகிறது.

அப்படி நேர்ந்தால், 2 கோடி ஆண்டு கழித்து வரும் நிலவியலாளர் 270 கோடி ஆண்டுப் பாறைக்குள் மரம் கண்டு திகைப்பார். பிறகு திருவக்கரையில் நாம் பார்த்ததுபோலவே பார்ப்பார். கிளை இல்லை. வேர் இல்லை. பட்டை இல்லை. 'இந்த மரங்கள் இங்கே முளைத்தவை அல்ல, எங்கிருந்தோ கொண்டுவரப்பட்டவை, இங்கே வந்து பாரம் தாங்கியவை' என்று குறிப்பில் எழுதுவார். அந்த மரத்தைத் தோளில் சுமந்து இறங்கியவர்களைப் பற்றியும் அதே வரி போதும்.